பதினெட்டுப் பாத்திரங்களில் என் பெயர்

என் உடம்பில் பயத்தை முதலில் தெரிந்துகொள்ளும் உறுப்பு வயிறு. மூளைக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் வயிறு இரண்டு முறை கழிப்பறைக்குப் போய்வந்துவிடும். இப்போது நானே ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். வரி ஆபீசிலிருந்து கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தால் போதும், என் மனைவி எதுவும் கேட்காமல் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் பிரித்துத் தண்ணீரில் கொட்டுவாள். சொந்தக்காரர்கள் மத்தியில் இது ஒரு ஜோக். அந்த ஜோக்கைக் கிளப்பிவிட்டவனே நான்தான். நான் முதலில் சிரித்துவிட்டால் மற்றவர்கள் காரணம் கேட்க மாட்டார்கள் என்பது பல வருஷ அனுபவம். கேட்டால் பதினெட்டுப் பாத்திரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

சிதம்பரத்தில் அப்பா பாத்திரக் கடை வைத்திருந்தார். வாட் வரி இன்னும் வந்திருக்கவில்லை; எல்லோரும் சேல்ஸ் டாக்ஸ் என்றே சொல்லிக்கொண்டிருந்த காலம். நான் ஒன்பதாம் வகுப்பை இரண்டாம் முறையாக, முன்னைவிடத் தெளிவாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

பில் போடும் விஷயத்தில் அப்பா ஒரு மாதிரி. அண்டா வாங்கினாலும் பில், ஒரு கரண்டி வாங்கினாலும் பில். “பில்லு வேணாம்ணே, பாத்து கொறைச்சிக் குடு” என்று கேட்கிறவரிடம், “கொறைச்சித் தரேன், பில்லும் தரேன்” என்பார். அந்தக் குறைச்சல் வரியளவுக்கு இருக்காது. கேட்டவர் பக்கத்துக் கடைக்கு நடப்பார். அப்பா அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே மின்விசிறியின் வேகத்தை ஒரு புள்ளி குறைப்பார். கடைத்தெருவில் அவருக்கு ‘பில்லு’ என்று பட்டப்பெயரே உண்டு. “இன்னாபா, பில்லு வூட்டுப் புள்ளயா நீ?” என்று டீக்கடையில் கேட்பார்கள். எனக்கு அது அவமானமாக இருக்கும். எங்கள் வகுப்பில் மற்ற கடைக்காரர்களின் பிள்ளைகள் புது சைக்கிளில் வந்தார்கள். நான் நடந்து போனேன். இதற்கும் பில்லுக்கும் ஏதோ சம்பந்தம் இருப்பதாக எனக்கு ஒரு சந்தேகம்.

வரி ஆபீசில் கடைக்கென்று அப்பா பெயரில் ஒரு ஃபைல் இருந்தது; பதினாறு வருஷமாக அதில் ஒரு குற்றம் குறை எழுதப்பட்டதில்லை. மற்றவர்கள் மனை வாங்கிப் போடுவார்கள், நகை சேர்ப்பார்கள். அப்பா சேர்த்தது அந்த ஃபைலைத்தான். கல்யாண வீடுகளில் யாராவது வியாபாரம் எப்படி என்று கேட்டால், விற்பனையைச் சொல்ல மாட்டார். “பதினாறு வருசம், ஒரு ரிமார்க் கெடையாது” என்பார். கேட்டவர் சாப்பாட்டுப் பந்தியைத் தேடிப் போய்விடுவார்.

அப்படிப்பட்டவருக்குத்தான் தணிக்கை நோட்டீஸ் வந்தது. அடுத்த வாரம் புதன்கிழமை அதிகாரி நேரில் வந்து கணக்கையும் சரக்கையும் பார்ப்பார் என்று இருந்தது. அப்பா அதை மூன்று முறை படித்தார். நான் ஒரு முறை படித்துவிட்டு எழுந்து ஓடினேன்.

மறுநாள் காலை கடலூர் பஸ்ஸிலிருந்து மாமா இறங்கினார். அம்மாவின் தம்பி. கடலூர் செம்மண்டலத்தில் வீடு, கடைக்காரர்களுக்கு வரிக்கணக்கு எழுதிக் கொடுப்பது தொழில். எல்லோரும் அவரை ஆடிட்டர் என்று கூப்பிடுவார்கள். “நான் ஆடிட்டர் இல்லீங்க, ஆடிட்டுக்குப் பயப்புடாதவன், அவ்ளோதான்” என்பார். கையில் ஒரு மஞ்சள் பை. அந்தப் பையில் இல்லாத காகிதம் உலகத்தில் இல்லை என்பது எங்கள் குடும்பத்தின் நம்பிக்கை.

“மாமா, ஆடிட்டுன்றது பொண்ணு பாக்க வர்ற மாதிரி” என்று அப்பாவிடம் ஆரம்பித்தார். “வர்றவங்க குத்தம் கண்டுபுடிக்கத்தான் வருவாங்க. வூட்டப் பெருக்கி வெச்சிட்டா பாதி குத்தம் பூடும்.”

“பதினாறு வருசமா பெருக்கித்தானே மச்சான் வெச்சிருக்கேன்.”

“பெருக்கி மூட்டையில கட்டி வெச்சா யாருக்குத் தெரியும்? எடுங்க வெளிய.”

உண்மையிலேயே மூட்டையில்தான் இருந்தது. அப்பா ஒரு பில்லையும் தூக்கிப் போட்டதில்லை. ஆனால் எல்லாவற்றையும் கம்பியில் குத்தி, கம்பி நிறைந்ததும் கோணிச் சாக்கில் போட்டு வைத்திருந்தார். மாமா அதைத் தரையில் கொட்டினார். வாங்கின பில் ஒரு பக்கம், விற்ற பில் ஒரு பக்கம். பிறகு மாசம் மாசமாகப் பிரித்து, ஒவ்வொரு மாசத்தையும் அந்த மாசத்துக்கு ஆபீசில் கொடுத்த கணக்கோடு ஒட்டிப் பார்த்தார். கேன்சல் ஆன பில்லின் அசலும் நகலும் சேர்ந்திருக்கிறதா என்று தேடினார். காணாமல்போன ஒன்றுக்காக அரை நாள் சாக்கைத் தட்டிக் கண்டுபிடித்தோம். நான் எண்களை உரக்கப் படிக்க வேண்டும், அவர் சரி போடுவார். எனக்கு எழுநூறும் எண்ணூறும் வேகமாகப் படித்தால் குழம்பும். “மாப்ள, நீ படிக்கிற வேகத்துல நம்ம கடை நாலு நாள்ல கோடீஸ்வரக் கடையாயிரும். மெதுவா படி” என்றார்.

வேலைக்கு நடுவே விதிகளையும் சொல்லிக்கொண்டே வந்தார். அதிகாரி எதிரில் ஒருத்தர்தான் பேச வேண்டும், அது அப்பா. தெரியாததைத் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்ல வேண்டும். “கேட்டதுக்கு மட்டும் பதிலு. கேக்காததுக்கு டீ குடுங்க, போதும்.”

எனக்கு ஆணி அடித்ததுபோல் பதிந்தது வேறொரு கதை. கடலூரில் ஒரு கடையாம். ஏட்டில் இருப்பதைவிடச் சரக்கு ஜாஸ்தியாக இருந்ததாம். “ஜாஸ்தியா இருந்தா என்னா அர்த்தம்? பில்லு இல்லாம வாங்கிப் போட்டிருக்கான்னு அர்த்தம். வுடுவாங்களா? ஃபைன் போட்டுத் தீட்டிட்டாங்க. அந்தாளு பொண்டாட்டி செயினை வித்துக் கட்டனாரு. அதுக்கப்பறம் கடைத்தெருவுல தலையக் குனிஞ்சிக்கினே போவாரு.” மாமா இதைச் சொல்லி நிறுத்திவிட்டு, “மாப்ள, தொண்டை காஞ்சி போச்சி, மூணு டீ வாங்கியா” என்றார். நான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனேன். கதையின் மறுபாதியை அவர் சொன்னபோது நான் டீக்கடையில் நின்றிருந்தேன். சரக்கு குறைவாக இருந்தாலும் அதே அபராதம்தான், அதற்குப் பில் இல்லாமல் விற்றுவிட்டதாக அர்த்தம் என்ற அந்த மறுபாதி என் காதுக்கு வரவேயில்லை. நான் அறிந்த சட்டம் பாதிச் சட்டம். அதை வைத்துக்கொண்டு எவ்வளவு வேலை செய்தேன் என்று நினைத்தால் இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

சனிக்கிழமை அப்பாவும் மாமாவும் கடையில் சரக்கை எண்ணினார்கள். எங்கள் வீட்டு மாடியறைதான் குடோன். அதை எண்ணும் பொறுப்பு எனக்கு. அம்மா பரங்கிப்பேட்டையில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாள். மாமா ஏட்டைக் கையில் கொடுத்து, “ஒண்ணு வுடாம எண்ணு. ஏடு சொல்றதையும் கண்ணு சொல்றதையும் ஒத்துப்பாரு” என்று அனுப்பினார். நான் மாடியில் தனியே ராஜாங்கம் செய்தேன். தவலைகள் சரி, தாம்பாளங்கள் சரி, கட்டுப் பிரிக்காத சிப்பங்கள் சரி. குக்கர்களின் தலையில் தட்டித் தட்டி எண்ணினேன், அவையும் சரி. கடைசியில் மூலையில் ஒரு சாக்கு மூடிக் கிடந்தது. தூக்கினேன். புத்தம் புதிய எவர்சில்வர்: இரண்டு குடம், ஒரு அண்டா, பால் தூக்கு, டபரா செட்டுகள் என்று எண்ணிப் பார்த்தால் பதினெட்டு உருப்படி.

ஏட்டில் தேடினேன். இல்லை. மேலிருந்து கீழாகத் தேடினேன், கீழிருந்து மேலாகத் தேடினேன். இல்லை.

அவை யாருடையவை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கீரப்பாளையத்தில் ஒரு அம்மா, வயல் வேலைக்குப் போகிறவர். மகள் கல்யாணத்துக்காக அப்பாவிடம் மாசாமாசம் பாத்திரச் சீட்டுக் கட்டிவந்தார். சீட்டு முடிந்து, அவருக்காக எடுத்து ஒதுக்கி வைத்த சரக்கு அது. கல்யாணத்துக்கு நாள் நெருங்கியதும் மகள் பெயரை வெட்டி, பில் போட்டுக் கொடுக்க வேண்டும். மாமா அதையும் ஏட்டில் எழுதித்தான் வைத்திருந்தார். ஒதுக்கிய சரக்குக்குத் தனியாகத் தலைப்புப் போட்டு, பதினெட்டையும் வரிசையாக, சிவப்பு மையில், அடுத்த பக்கத்தில். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை.

பக்கத்தைத் திருப்பாததுகூடப் பெரிய தப்பில்லை. அந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதுதான் இன்றும் என்னைச் சுடுகிறது. அப்பா பில் இல்லாமல் வாங்கி ஒளித்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். கரண்டிக்குப் பில் போடுகிற மனிதரைப் பற்றி, அவருடைய ஒரே மகன், ஒரு நிமிஷம்கூடத் தயங்காமல் அப்படி நம்பினேன். ‘ஓகோ, அப்படியா சங்கதி’ என்றுகூட உள்ளே ஒரு குரல் கேட்டது. பிறகு கடலூர்க்காரரின் மனைவி கழுத்துச் செயின் ஞாபகம் வந்தது, வயிறு கூப்பிட்டது.

திரும்பி வந்ததும் யோசித்தேன். அப்பாவிடம் கேட்டால் அவருக்கு அவமானம். ஆகவே கேட்காமல் காப்பாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். கிணற்றில் போடலாம், எடுப்பது கஷ்டம். பள்ளிக்கூட நண்பர்கள் வீட்டில் ஆளுக்கு ஒன்றாக மறைக்கலாம். அண்டாவைப் புத்தகப் பையில் கொண்டுபோக முடியாது. அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. பெயர் வெட்டிய பாத்திரம் கடைச் சரக்காகாது. அதை யாரும் புதிதாக விற்க முடியாது. திரும்பக் கொடுத்தாலும் பழைய எடைக்குத்தான் போகும். பெயர் வெட்டிவிட்டால் அது வீட்டுச் சாமான். இது எங்கள் தொழிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் சின்னப் பிள்ளை. எனக்குத் தெரிந்திருந்தது.

கடையில் பெயர் வெட்டுகிறவர் மெஷினுக்கு மாறியபோது தன் பழைய உளியையும் சின்னச் சுத்தியலையும் எனக்கு விளையாடக் கொடுத்திருந்தார். என் சாப்பாட்டு டப்பா, ஜாமெட்ரி பாக்ஸ், கோயில் திருவிழாவில் வாங்கிய தகர பஸ் எல்லாவற்றிலும் என் பெயரை வெட்டிப் பழகியிருந்தேன். வேறு யார் பெயரையும் பழகவில்லை. அம்மா பெயரில் சுழியும் கொம்பும் அதிகம். என் கைக்கு அடங்காது. எனவே மூன்றே எழுத்தில் எனக்குப் பெயர் வைத்த பெற்றோரை வாழ்த்திவிட்டு உட்கார்ந்தேன். டிவியில் கிரிக்கெட்டைச் சத்தமாக வைத்தேன். முதல் குடத்தில் கடைசி எழுத்து சறுக்கி விளிம்பு வரைக்கும் போனது. ஐந்தாவதுக்கு மேல் கை படிந்தது. பதினெட்டாவதில் எழுத்து அச்சில் வார்த்தது போல இருந்தது. தள்ளி வைத்துப் பார்த்து ரசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. வீட்டுச் சாமான் என்ற களை வருவதற்காகச் சாக்கை எடுத்துவிட்டு அம்மாவின் பழைய சேலை ஒன்றைப் போர்த்தினேன்.

மாலையில் மாமா கேட்டார். “என்னா மாப்ள, எல்லாம் ஒத்துப்போச்சா?”

“எல்லாம் சரி மாமா.”

“சமத்து.” எனக்கு ஒரு மெதுவடை கிடைத்தது. சாப்பிட்டேன்.

புதன்கிழமை வயிற்றுவலி என்று பள்ளிக்கு லீவு போட்டேன். அதில் பொய் இல்லை. வந்த அதிகாரி ஒரு பெண்மணி. அம்மா வயதுதான் இருக்கும். தோளில் ஒரு பை, கையில் சொந்தத் தண்ணீர் பாட்டில், கூட ஒரு உதவியாளர். டீ வேண்டாம் என்றார், கலர் சோடாவும் வேண்டாம் என்றார். கேட்காததுக்குக் கொடுக்க எங்களிடம் எதுவும் மிச்சமில்லாமல் போனது.

கடையில் எல்லாம் நன்றாக நடந்ததாக மாமா பிறகு சொன்னார். எந்த மாசத்தைக் கேட்டாலும் அந்தக் கட்டு கைக்கு வந்தது. கேன்சல் ஆன பில்லை அவர் கேட்டபோது அசலும் நகலும் பின் குத்தி வந்தன. “இப்படிக் கட்டி வெச்சிருக்கறதை நான் அதிகம் பாத்ததில்லீங்க” என்று அவர் சொன்னாராம். அப்பா வெட்கப்பட்டுக் கல்லாவின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தாராம்.

மதியம் வீட்டு மாடிக்கு வந்தார்கள். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நான் மாடிப்படியின் மேல் படியில் நின்றேன். அம்மா கீழ்ப்படியில் நின்றாள். உதவியாளர் எண்ணிச் சொல்லச் சொல்ல, அதிகாரி ஏட்டில் டிக் போட்டுக்கொண்டே வந்தார். தவலை, டிக். தாம்பாளம், டிக். உதவியாளர் மூலைக்குத் திரும்பினார். சேலையைத் தொடக்கூட இல்லை.

“அது எங்க வூட்டுது!” என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமாவின் வாய் லேசாகத் திறந்தது.

“யாருதுன்னு நான் கேக்கலியே தம்பி” என்றார் அதிகாரி. போய்ச் சேலையை எடுத்தார். ஒரு குடத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி வாசித்தார். இன்னொன்றை எடுத்து வாசித்தார். “இது யார் பேரு?”

“எம் பேருதாங்க.”

“எல்லாத்துலயும் உம் பேராவே இருக்கே. உனக்கா தம்பி கல்யாணம்?”

உதவியாளர் சிரித்துவிட்டார். பெண்ணுக்கு வரும் சீர்ப் பாத்திரத்தில் பெண் பெயர் இருக்கும்; வீட்டுப் பாத்திரத்தில் வீட்டம்மா பெயர் இருக்கும். இரண்டு குடத்திலும் டபராக்களிலும் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையனின் பெயர் இருப்பது எங்கள் ஊரில் எங்குமே நடக்காத காரியம் என்பது எனக்கு அந்தச் சிரிப்பில்தான் உறைத்தது.

மாமா ஏட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது, சிவப்பு மை. பதினெட்டு வரிசை.

அதிகாரி அதைப் படித்தார். “இதுல பதினெட்டு உருப்படி கடை இருப்புன்னு எழுதியிருக்கீங்க. பையன் வூட்டுதுன்றான், பேரும் வெட்டியிருக்கு. இது வூட்டுதுன்னா, கடையோட பதினெட்டு எங்கங்க? வித்துட்டீங்களா? பில்லு காட்டுங்க.”

அப்பா ஒரு குடத்தை வாங்கி, பெயரின் மேல் கட்டைவிரலால் தடவினார். சறுக்கின கடைசி எழுத்தில் விரல் நின்றது. என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, “மேடம், சரக்கு கடையோடதுதான். பையன்தான் வெட்டியிருக்கான். எதுக்கோ பயந்துட்டான் போல இருக்கு” என்றார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். நல்ல மனுஷி. குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். “அப்பா சொல்றது நெசமா தம்பி? நீயா வெட்டன? பயப்புடாம சொல்லு, உன்னை ஒண்ணும் பண்ண மாட்டேன்.”

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. எனக்கு அது தெரியாமல் இல்லை. சிவப்பு மையைப் பார்த்த அந்த நொடியிலேயே அப்பா ஒன்றையும் ஒளிக்கவில்லை என்பது புரிந்துவிட்டது. ஆனால் உதவியாளர் இன்னும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். படிக்குக் கீழே அம்மா இருந்தாள். ஆமாம் என்றால் இத்தனை பேருக்கு நடுவே நான் பொய்யன், முட்டாள், பதினெட்டு முறை தன் பெயரைத் தானே வெட்டிக்கொண்டவன். இதையெல்லாம் இவ்வளவு தெளிவாக அன்றைக்கு யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். வாய் தானாகத் திறந்தது.

“இல்லீங்க. எங்க வூட்டுதுதான். போன வருசமே அப்பாதான் வாங்கிக் குடுத்தாரு.”

கேட்டதற்கு மேலேயும் சேர்த்துக் கொடுத்திருந்தேன்.

மாமாவின் கை மஞ்சள் பைக்குள் போனது. ஒரு காகிதம் பாதி வெளியே வந்தது. அப்பா சட்டென்று கையை நீட்டி மாமாவின் மணிக்கட்டைப் பிடித்தார். இறுக்கிப் பிடித்தார், விரல் நுனிகள் வெளுத்துப்போயின. அவருக்குத் தலை சுற்றுகிறது, விழாமல் இருக்கத்தான் பிடித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். படியில் தடதடவென்று இறங்கிச் சமையலறைக்கு ஓடி ஒரு சொம்புத் தண்ணீரோடு திரும்பினேன். அந்த ஓட்டத்தில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. உதவுகிற பிள்ளையாக மாறிவிட்டேன் அல்லவா.

நான் மேலே வந்தபோது அதிகாரி அப்பாவிடம் இரண்டாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். “பையன் சொல்றதுதான் சரின்னு நல்லா யோசிச்சிதான் சொல்றீங்களா? கொறைவுன்னு எழுதிட்டா அப்பறம் மாத்த முடியாதுங்க.”

“எழுதிக்குங்க மேடம்.”

அவர் எழுதினார். அப்பா கையெழுத்துப் போட்டார். பிறகு என் கையிலிருந்த தண்ணீரை வாங்கி, சொம்பு காலியாகும் வரை குடித்தார். படியிறங்கும்போது அதிகாரி என் தலையில் ஒருமுறை கை வைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை நான் இரண்டு கால்சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். அப்பா அடிப்பது அபூர்வம். ஆனால் அடித்தால் பெல்ட். வியர்த்து ஊற்றியது. அவர் கடையிலிருந்து வந்தார், கைகால் கழுவினார், சாப்பிட உட்கார்ந்தார். இரண்டாம் முறை ரசம் கேட்டார். “ஏன்டா நிக்கிற, சாப்புடு” என்றார். அவ்வளவுதான். அபராதம் சின்னத் தொகையாகத்தான் இருக்கும் போலிருக்கிறது என்று முடிவு செய்து, உள்ளே போய் ஒரு கால்சட்டையைக் கழற்றினேன்.

சின்னத் தொகை இல்லை. பதினெட்டையும் பில் இல்லாமல் விற்றதாகக் கணக்காகி, வரியும் அதற்குமேல் அபராதமும் வந்தது. கீரப்பாளையத்து அம்மாவுக்கு அப்பா புதிதாகப் பதினெட்டு எடுத்து, மகள் பெயரை வெட்டி, பில்லோடு கொடுத்தார். அந்த அம்மா குடத்தைத் தட்டிப் பார்த்து, “நல்ல கனமா இருக்குது சாமி, ஒஞ் சொல்லு சுத்தம்” என்று சொல்லிவிட்டுப் போனார். என் பெயர் போட்டவை வீட்டிலேயே தங்கின. அம்மா வேறு வழியில்லாமல் அவற்றைப் புழங்கினாள். தினமும் காலையில் என் பெயரில்தான் பால் காய்ந்தது.

கடைத்தெருவுக்கு அந்த வாரம் திருவிழா. ஒரு பில்லும் போடாத கடைகளிலெல்லாம் அதே பேச்சு. “பில்லு மாட்டிக்கிச்சாமே!” “கரண்டிக்கு பில்லு, அண்டாவுக்கு கம்பி நீட்டிட்டாரு.” அப்பா கடைக்குப் போகும்போது தலை குனியவில்லை. அதை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். குனியாதவரைக்கும் எல்லாம் சரி என்று எனக்கு ஒரு கணக்கு. ஆனால் கல்யாண வீட்டில் யாராவது வியாபாரம் எப்படி என்று கேட்டால், “ஏதோ போவுதுங்க” என்பார். அந்தப் பதினாறு வருஷத்தைச் சொல்வதை விட்டுவிட்டார்.

கோடை விடுமுறைக்குச் செம்மண்டலத்துக்கு மாமா வீட்டுக்குப் போனேன். ஒரு சாயங்காலம் அவர் வாசலில் நாற்காலி போட்டு யாருடைய கணக்கையோ ஒட்டிக்கொண்டிருந்தார். நான் எண்களைப் படித்தேன், மெதுவாக. நடுவில் பேனாவை மூடி வைத்துவிட்டு, “கையிலதான் இருந்திச்சி மாப்ள அந்தப் பேப்பரு” என்றார். “கீரப்பாளையத்தம்மாவோட சீட்டு அட்டை. அந்தப் பாத்திரம் வாங்குன பில்லும் கூடவே இருந்திச்சி, ஆடிட்டுக்கு முந்தின மாசத் தேதி போட்டு, நீ சொன்ன போன வருசம் இல்ல. நீட்டியிருந்தா அஞ்சே நிமிசம். ஒரு ரூபா ஃபைன் வந்திருக்காது.”

“அப்பறம் ஏன் மாமா நீட்டல?”

மாமா என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். “உங்கப்பாரைக் கேளு” என்றார். பிறகு, “வேணாம், கேக்காத. போய் சாப்புடு போ” என்றார்.

நான் கேட்கவில்லை. கேட்பதற்கு எதுவும் இருப்பதாகவே தோன்றவில்லை. மஞ்சள் பையில் எல்லாக் காகிதத்தையும் வைத்திருந்தும், வேண்டிய நேரத்தில் ஒன்றை நீட்டத் தெரியாத மனிதர் என்று மாமாவைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தேன். பள்ளிக்கூடம் திறந்ததும் நாலைந்து பேரிடம் சொல்லியும் வைத்தேன். எங்க கடைக்கு ஃபைன் விழுந்ததுக்குக் காரணமே எங்க மாமாதான்டா, பாவம், கொஞ்சம் மறதிக்காரரு என்று. அவர்கள் நம்பினார்கள். நானும் நம்பினேன்.